எக்ஸ் வந்து சேர்ந்தது

குழந்தை ஐந்தாம் வகுப்பில் இருக்கும் வரையில் கணக்கு என்பது நம் வீடுகளில் சாதுவான ஒரு பிராணியாகவே இருந்து வருகிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கு கால்களால் அது அமைதியாக நடமாடுகிறது. அதற்கு என்ன தீனி வேண்டும், எப்போது தட்டிக் கொடுக்க வேண்டும், எப்போது அதட்ட வேண்டும் என்பதெல்லாம் தகப்பனாருக்குத் தெரியும். தாயாருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆறாம் வகுப்பில் குழந்தை கால் வைத்ததும் அந்தச் சாதுப் பிராணிக்குக் கொம்பு முளைத்து விடுகிறது. பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்கள் உண்டு என்கிறார்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து வந்து உட்கார்ந்து கொள்கிறது. நேற்று வரையில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்த குழந்தை, அரையாண்டுப் பரீட்சையில் ஐம்பத்தெட்டு மார்க்குடன் வீடு திரும்பி, ஒருவரோடும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக் கொள்கிறது.

நம் வீட்டில் பெண் குழந்தை ஒருத்தி சென்ற ஏப்ரலில் எட்டாம் வகுப்பை முடித்தாள். அவளுடைய தம்பி ஜூன் மாதத்தில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். ஆகவே, ஒரு முறை ஆற்றைக் கடந்து விட்டு, மறுபடியும் இக்கரையில் வந்து நிற்பவரின் நிலை நம்முடையது. நாம் கணித பண்டிதரல்ல. ஆனால் ஆற்றில் எங்கே ஆழம், எங்கே வழுக்குப் பாறை என்பது ஒருவாறு தெரியும். இனிமேல் இறங்கப் போகும் குடும்பங்களுக்கு அதைச் சொல்லி வைப்பதில் பிரயோஜனம் உண்டு என்று தோன்றுகிறது.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் முழுக்கள், பின்னங்கள், விகிதம், சதவிகிதம், இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் என்று வரிசையாகத் தலைப்புகள் இருக்கின்றன. பெயர்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. இவற்றிலே பாதி, பழைய சிநேகிதர்கள் புது வேஷ்டி கட்டிக் கொண்டு வந்தவர்கள்தான். உண்மையில் மாறுவது பாடமல்ல. கணக்கு என்றால் என்ன என்பதே மாறுகிறது. இதுவரையில் குழந்தை கண்ணால் கண்டதை எண்ணியது. இனிமேல் காணாததைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த மூன்று ஆண்டுகளில் நிகழும் பெரிய காரியம் இதுதான். மற்றவையெல்லாம் இதற்குள் அடக்கம்.

முதலில் பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண்களை எடுத்துக் கொள்வோம். ஐந்து மாம்பழம் உண்டு. மைனஸ் ஐந்து மாம்பழம் எங்கே உண்டு? குழந்தை இப்படிக் கேட்டால் அது அசட்டுக் கேள்வியல்ல. இந்தியாவில் பிரம்மகுப்தர் 628-ம் ஆண்டில் இயற்றிய ‘பிரம்மஸ்புட சித்தாந்த’த்தில், தனம், கடன் என்ற பெயர்களால் இவ்வெண்களைக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் வகுத்து விட்டார். ஆனால் அதற்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு அப்புறம், 1758-ல், இங்கிலாந்தில் பிரான்ஸிஸ் மஸேரஸ் என்னும் அறிஞர் இந்த எண்களை ஆட்சேபித்து ஒரு புத்தகமே எழுதினார். படித்த பெரியவர்களே அவ்வளவு காலம் தயங்கிய விஷயத்தை நம் குழந்தை ஒரு வாரத்துக்குள் ஜீரணிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பதினொரு வயதில் ஒரு வாரம் போதாவிட்டால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இதிலே மிகவும் வழுக்கலான இடம், இரண்டு மைனஸ்களைப் பெருக்கினால் பிளஸ் வரும் என்பது. நம் பெண் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, “ஏன் அப்பா?” என்று கேட்டாள். நாம் பதில் சொல்லத் தொண்டையைக் கனைத்துக் கொண்டிருக்கும்போதே, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அத்தை முந்திக் கொண்டார். அத்தைக்கு வயது எண்பதுக்கு மேல்.

“கண்ணு, நீ கடைக்காரருக்கு ஐம்பது ரூபாய் வீதம் பல சீட்டுக் கடன் பாக்கி வைத்திருக்கிறாய். அவர் இரண்டு சீட்டை எடுத்துக் கிழித்துப் போட்டு விட்டார். உனக்கு லாபமா, நஷ்டமா?”

“லாபம்தான், பாட்டி. நூறு ரூபாய் லாபம்.”

“கடன் என்பது ஒரு மைனஸ். அதை எடுத்துவிட்டது இன்னொரு மைனஸ். கிடைத்தது பிளஸ். இதற்கு ஏன் இவ்வளவு மூளையைக் குழப்பிக் கொள்கிறாய்?”

பிரம்மகுப்தர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கினால் மைனஸ் 6. இரண்டைப் பெருக்கினால் மைனஸ் 4. ஒன்றைப் பெருக்கினால் மைனஸ் 2. பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம். படிக்குப் படி இரண்டு இரண்டாக ஏறிக் கொண்டே வருகிறது. அடுத்த படி மைனஸ் ஒன்று. அங்கே விடை பிளஸ் 2 ஆகாமல் வேறு என்ன ஆக முடியும்? இவ்வாறு ஒழுங்கு தவறாமல் ஏறும் படிக்கட்டைக் குழந்தைக்குக் காட்டி விட்டால், விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது பின்னம். அத்தைக்கு இதில் ஒரு விசேஷ அதிகாரம் உண்டு. 1957-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்குப் பதினாறணா போய், நூறு நயா பைசா வந்தபோது அவர் நடுநிலைப் பள்ளி மாணவி. அதற்கு முன்னெல்லாம் சில்லறையே பின்னக் கணக்கைக் கற்றுக் கொடுத்து விட்டது. நாலணா கால் ரூபாய், இரண்டணா அரைக்கால், ஓரணா மாகாணி. திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்னும் கீழே போய், முந்நூற்றிருபதில் ஒரு பாகமாகிய முந்திரி வரையில் எண்சுவடியில் பாடம் பண்ணினார்கள். புதுக் காசு வந்ததும் ஓரணாவுக்கு ஆறே கால் பைசா என்று ஆயிற்று. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஓரணாவை மாற்றினால் ஆறு பைசா. மூன்றணாவைச் சேர்த்து மாற்றினால் பதினெட்டே முக்கால். அதற்குக் கிட்டிய முழுத் தொகை பத்தொன்பது. ஆகவே மூன்று ஓரணாக்களைத் தனித்தனியே மாற்றினால் பதினெட்டு. ஒன்றாய் மாற்றினால் பத்தொன்பது! “அன்றைக்குத்தான் எனக்குப் பின்னம் என்றால் என்ன என்பது புரிந்தது” என்கிறார் அத்தை. ஒரு பைசா நஷ்டம் செய்யும் உபதேசத்தை ஒன்பது உபாத்தியாயர்கள் செய்ய முடியாது.

இன்றைய குழந்தைக்கு அந்தச் சில்லறை இல்லை. அவன் கையில் வருவதெல்லாம் பத்து, நூறு, ஆயிரம். ஆகையால் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே மேலும் கீழே கீழுமாகக் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறான். உடனே சிவப்பு மையை எடுக்காமல் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாய். ஐந்தில் இரண்டு அரையை விடக் கூடுதலா, குறைவா?” குழந்தை சிறிது நேரம் யோசித்து விட்டுத் தானே ரப்பரைத் தேடும். தசம எண்களிலும் இதே கதைதான். 0.35 பெரிதா, 0.8 பெரிதா என்றால், முப்பத்தைந்து எட்டை விடப் பெரிதல்லவா என்று வாதிக்கும். கிலோ என்று சேர்த்துச் சொல்லுங்கள். முன்னூற்றைம்பது கிராம் ஒரு பக்கம், எண்ணூறு கிராம் மறு பக்கம். தராசு தீர்ப்புச் சொல்லிவிடும்.

இந்தத் தவறுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குணம் உண்டு. இவை கவனக் குறைவினால் வருபவை அல்ல. முழு எண்களின் உலகில் ஐந்து வருஷம் நேர்மையாக உழைத்த குழந்தை, அங்கே உண்மையாயிருந்த சட்டத்தை இங்கேயும் கொண்டு வருகிறது. பெருக்கினால் பெரிதாகும், வகுத்தால் சிறிதாகும் என்பது அங்கே சட்டம். இங்கே ஆறை அரையால் வகுத்தால் பன்னிரண்டு வருகிறது. ஆறு லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டுகளாகப் போட்டால் எத்தனை பாக்கெட் என்று கேட்பதுதானே அந்த வகுத்தல்? தேசம் மாறினால் சட்டமும் மாறும். வந்தவருக்கு அது பழகச் சிறிது நாள் பிடிக்கும்.

நிற்க. இப்போது தலைப்பில் சொன்ன விருந்தாளியிடம் வருவோம். எக்ஸ் என்பவர் வீட்டுக்குள் வரும்போது, தமக்கு முன்னால் ‘=’ என்னும் ஒரு பழைய வேலைக்காரரை அழைத்துக் கொண்டு வருகிறார். இந்த வேலைக்காரரை நமக்கு நன்றாகத் தெரியும் என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். வேல்ஸ் தேசத்தவரான ராபர்ட் ரெகார்ட் 1557-ல் அச்சிட்ட புத்தகத்தில் இவரை முதன் முதலாக வேலைக்கு அமர்த்தினார். இரண்டு இணை கோடுகளைக் காட்டிலும் ஒன்றுக்கொன்று சமமான பொருள்கள் வேறு இல்லை என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் குழந்தைகளோ, சமக் குறி என்றால் ‘விடையை இங்கே எழுது’ என்று பொருள் கொள்கிறார்கள். 8 + 4 = ? + 5 என்று எழுதி, கேள்விக் குறியின் இடத்தில் என்ன வர வேண்டும் என்று கேளுங்கள். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆறாம் வகுப்புக் குழந்தைகள் 145 பேரிடம் இது போன்ற கேள்வி கேட்கப்பட்டது. சரியான விடையாகிய ஏழை ஒருவர் கூடச் சொல்லவில்லை. பெரும்பாலோர் பன்னிரண்டு என்றார்கள். சிலர் பதினேழு என்றார்கள். நம் பையனும் பன்னிரண்டு என்றுதான் சொன்னான். “இது தராசின் முள்ளடா, இரண்டு தட்டும் சமமாயிருக்க வேண்டும்” என்று அவனுடைய அக்காள் சொன்ன பிறகு, “அப்படியா? இத்தனை நாளாய் ஒருவரும் சொல்லவில்லையே!” என்று கோபித்துக் கொண்டான்.

சமக் குறி தராசு முள் என்று தெரிந்து விட்டால், எக்ஸ் அவ்வளவு பயங்கர ஆசாமியல்ல. தெரியாத தொகைக்கு ஒரு பெயர் வைத்து அழைப்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. பாஸ்கராசாரியர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய ‘பீஜகணித’த்தில், முதலாவது தெரியாத தொகையை ‘யாவத்தாவத்’, அதாவது ‘எவ்வளவோ அவ்வளவு’ என்றார். மற்றவற்றைக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரால் குறித்தார். எக்ஸ், ஒய், இஸட் என்னும் எழுத்துக்களை டேகார்ட் என்ற பிரெஞ்சு தத்துவ ஞானி 1637-ல் உபயோகித்தார். அவையே உலகெங்கும் நிலைத்து விட்டன.

இதை வீட்டில் அறிமுகம் செய்து வைப்பதற்கு ஒரு விளையாட்டுப் போதும். “ஓர் எண்ணை மனத்தில் நினைத்துக் கொள். இரண்டால் பெருக்கு. பத்தைக் கூட்டு. பாதியாக்கு. நினைத்த எண்ணைக் கழித்து விடு. ஐந்து வந்ததா?” வந்திருக்கும். பையன் நமக்கு ஏதோ மந்திரம் தெரியும் என்று நினைத்து, பெரிய எண், சின்ன எண், கடைசியில் அரை, கால் எல்லாவற்றையும் நினைத்துப் பார்ப்பான். எப்போதும் ஐந்துதான். “எத்தனை எண்களைச் சோதிப்பாய்? எல்லா எண்களுக்கும் பதிலாக ஒரே ஓர் எழுத்தை வைத்துப் பார்” என்று சொல்வதற்கு அதுவே நல்ல முகூர்த்தம். எக்ஸ், பிறகு இரண்டு எக்ஸ், அதோடு பத்து, பாதியாக்கினால் எக்ஸோடு ஐந்து, எக்ஸைக் கழித்தால் ஐந்து. உலகத்திலுள்ள எண்களையெல்லாம் ஒரே வரியில் சோதித்து விட்டோம். இயற்கணிதத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

இதனால் வகுப்பறையிலும் ஒரு மாறுதலை எதிர்பார்க்கலாம். ஐந்தாம் வகுப்பு வரையில் வாத்தியார் கேட்கும் கேள்வி ‘எவ்வளவு?’ என்பது. இங்கே ‘ஏன்?’, ‘எப்போதுமா?’ என்ற கேள்விகள் வந்து சேருகின்றன. ஒற்றைப் படை எண்கள் இரண்டைக் கூட்டினால் இரட்டைப் படை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றும் ஐந்தும் எட்டு. ஏழும் ஒன்பதும் பதினாறு. ஆனால் எப்போதுமே அப்படியா? வாசலில் கிடக்கும் செருப்புக்களை ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்த்தால் விஷயம் தெரியும். ஒவ்வொரு ஒற்றைப் படைக் குவியலிலும் ஒரு செருப்பு ஜோடியில்லாமல் மிஞ்சும். இரண்டு குவியலைச் சேர்த்தால் மிஞ்சிய இரண்டும் ஜோடி சேர்ந்து விடும். பத்து உதாரணங்கள் தராத நிச்சயத்தை இந்த ஒரு காரணம் தந்து விடுகிறது. முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் காகிதத்திலிருந்து கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு நேர் கோடு அமைவதையும் குழந்தை பார்க்கும். பார்த்தது போதாது, ஏன் அப்படி அமைகிறது என்று சொல்ல வேண்டும் என்பதை மேல் வகுப்புகளில் கற்றுக் கொள்ளும்.

ஆகவே, நோட்டுப் புத்தகத்தில் கணக்குகளின் எண்ணிக்கை குறைந்து, எழுத்து அதிகமாகிவிட்டது என்று பெற்றோர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு மாலை நேரத்தில் முப்பது பெருக்கல் செய்வதைக் காட்டிலும், ஒரு கணக்கை இரண்டு வழியில் செய்து, இரண்டும் ஏன் ஒத்துப் போகின்றன என்று நான்கு வரி எழுதுவது கடினமான வேலை. ஆனால் ஒன்று; வாய்ப்பாடு வேண்டியதில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்கே விரல் மடக்கும் குழந்தைக்கு, பின்னத்தைப் பற்றி யோசிக்க மனத்தில் இடமிராது. ஆறாம் வகுப்புக்கு முந்திய கோடை விடுமுறையில் வாய்ப்பாட்டைத் துலக்கி வைப்பது, பயணத்துக்கு முன் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போடுவது போன்றது.

இவையெல்லாம் எதற்கு, கடையில் கூட்டவும் கழிக்கவும் தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் வீட்டில் சில மாதங்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவர் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு சாமான் தவணை முறையில் வாங்கப் போவதாகச் சொன்னார். வட்டி பத்து சதவிகிதந்தான்; அதாவது 1,200 ரூபாய். மாதம் ஆயிரத்து நூறு வீதம் பன்னிரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். மலிவான வட்டி என்று எல்லோரும் தலையசைத்தோம். எட்டாம் வகுப்புப் பெண் மட்டும் ஒரு பென்சிலை எடுத்துக் கொண்டாள்.

“மாமா, முதல் மாதம் உங்களிடம் அவர்கள் பணம் பன்னிரண்டாயிரம் இருக்கிறது. அடுத்த மாதம் பதினோராயிரந்தான். கடைசி மாதம் வெறும் ஆயிரம். எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால், சராசரியாக உங்களிடம் இருந்தது ஆறாயிரத்து ஐந்நூறு. அதற்கு வட்டி ஆயிரத்து இருநூறு. பத்து சதவிகிதம் இல்லை, மாமா. பதினெட்டுக்கும் மேலே!”

உறவினர் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். பிறகு, “இரு, யோசித்துச் செய்வோம்” என்று மடித்துப் பையில் வைத்துக் கொண்டார். மாதத்துக்கு ‘மூன்று வட்டி’ என்றால் வருஷத்துக்கு முப்பத்தாறு என்பதும், நூறு ரூபாய்ப் பொருளை இருபது சதவிகிதம் ஏற்றி, இருபது சதவிகிதம் தள்ளுபடி செய்தால் நூறு ரூபாயாகாமல் தொண்ணூற்றாறு ஆகும் என்பதும், இதே வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கும் சங்கதிகள்தான். ஒரு குடும்பத்தின் மானமும் சேமிப்பும் சில சமயம் இவற்றில் அடங்கியிருக்கின்றன.

அந்தப் பெண்ணைப் பற்றி இங்கே இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். ஏழாம் வகுப்பின் நடுவில் ஒரு நாள் அவள், “எனக்குக் கணக்கு வராது, அப்பா” என்று சொன்னாள். அழவில்லை, கோபிக்கவில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வது போல, தீர்ந்து போன விஷயமாகச் சொன்னாள். மார்க்குக் குறைந்ததை விட அந்தத் தொனிதான் நமக்குக் கலக்கத்தை உண்டாக்கிற்று. பதினொன்றுக்கும் பதினாலுக்கும் இடைப்பட்ட வயதில் குழந்தை தன்னைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பு எழுதிக் கொண்டால், அப்பீல் செய்வது எளிதல்ல. பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பாடத்தை எடுப்பது, எந்த உத்தியோகத்துக்கு ஆசைப்படுவது, எந்தக் காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்திடுவது என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து வருகின்றன. பெண் குழந்தை விஷயத்தில், “போகட்டும், அவளுக்கு எதற்கு?” என்று ஆறுதல் சொல்ல நாலு பேர் தயாராகவும் இருக்கிறார்கள். அந்த ஆறுதலைப் போல் கொடிய வார்த்தை வேறு இல்லை.

பாரசீக நாட்டுத் தலைநகரான டெஹ்ரானில் 1977-ல் மரியம் மிர்ஸாகானி என்னும் பெண்மணி பிறந்தார். நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் வருஷம் அவருக்குக் கணக்குச் சரியாக வரவில்லை. ஆசிரியையும் அவரிடம் விசேஷத் திறமை இருப்பதாக நினைக்கவில்லை. சிறுமிக்கு அந்தப் பாடத்திலேயே பற்று விட்டுப் போயிற்று. மறு வருஷம் உற்சாகப்படுத்தும் வேறோர் ஆசிரியை வாய்த்தார். அப்புறம் நடந்தது சரித்திரம். 1994-லும் 1995-லும் சர்வதேச கணித ஒலிம்பியாடில் தங்கப் பதக்கங்கள். இரண்டாவது முறை முழு மதிப்பெண்கள். 2014-ல், கணித உலகின் மிகப் பெரிய கௌரவங்களில் ஒன்றாகிய பீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்மணி என்ற பெருமை. 2017-ல், நாற்பதாவது வயதிலேயே, அவர் காலமாகி விட்டார். எல்லாக் குழந்தையும் மிர்ஸாகானி ஆகிவிடும் என்று சொல்ல வரவில்லை. நடுநிலைப் பள்ளியின் ஒரு வருஷத்து மார்க்கைக் கொண்டு ஒரு மனத்தின் ஆழத்தை அளக்க முடியாது என்பதற்கு இதை விட நல்ல சாட்சி வேண்டுமா?

நம் பெண்ணின் வகுப்பு ஆசிரியையைப் போய்ப் பார்த்தோம். ‘எத்தனையாவது ராங்க்?’ என்று கேட்காமல், ‘எந்த இடத்தில் தடுக்குகிறது?’ என்று கேட்டோம். அம்மையார் நோட்டுப் புத்தகத்தை வாங்கி ஐந்து நிமிஷம் புரட்டினார். “இவளுக்கு இயற்கணிதம் தெரியாமலில்லை, பின்னத்தில் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. அது எல்லா இடத்திலும் வந்து காலை வாருகிறது. விடைகளைப் பார்க்க வேண்டாம், வழிகளைப் பாருங்கள்” என்றார். கணக்குப் பாடத்தின் தன்மை அப்படி. சரித்திரத்தில் ஓர் அரசரை மறந்தால் அடுத்த அரசர் கோபித்துக் கொள்ள மாட்டார். கணக்கிலோ, ஆறாம் வகுப்பில் விழுந்த முடிச்சு எட்டாம் வகுப்பு நூலையும் இழுக்கும். ஆகையால் பின்னுக்குப் போய் முடிச்சை அவிழ்ப்பதில் அவமானம் எதுவுமில்லை. இரண்டு மாதம், தினம் கால் மணி நேரம், சப்பாத்தியும் முறுக்குத் தட்டும் அளவுக் கரண்டியும் துணையாக, குழந்தைகளின் தாயார் அந்த முடிச்சை அவிழ்த்தார்.

வீட்டில் உதவி செய்வது எப்படி என்று பலர் கேட்பதால், நம் அநுபவத்தில் பயன் தந்த மூன்று கேள்விகளை மட்டும் சொல்லுகிறோம். கணக்கைத் தொடங்குமுன்: “என்ன கேட்டிருக்கிறார்கள்? உன் சொந்த வார்த்தையில் சொல்.” முடித்த பின்: “இந்த விடை நடக்கக்கூடியதா?” 130 குழந்தைகளை நாற்பது பேர் உட்காரும் பஸ்களில் அழைத்துப் போக எத்தனை பஸ் வேண்டும் என்றால், மூன்றே கால் பஸ் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கால் பஸ் எங்கே ஓடுகிறது? ஒரு சட்டை வெயிலில் காய இரண்டு மணி நேரம் ஆனால் பத்துச் சட்டை காய எவ்வளவு நேரம் என்றால், இருபது மணி என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. மூன்றாவது கேள்வி: “இதற்கு வேறு வழி உண்டா?” இந்த மூன்றையும் கேட்பதற்குப் பெற்றோருக்கு இயற்கணிதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பொறுமை ஒன்றே போதும்.

சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்றும் உண்டு. “நானும் கணக்கில் பூஜ்யந்தான், உனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?” என்பது அது. நமது சபைகளில் இதைச் சிரித்துக் கொண்டே சொல்கிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது என்று யாராவது பெருமையாகச் சொல்வதுண்டா? பயம் தொத்து வியாதி. கணக்குக்குப் பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப் பாடத்தில் தலையிட்டால், சின்ன வகுப்புக் குழந்தைகளின் கற்றல் குறைகிறது என்று 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. பயம் இருந்தால் அதைப் பெட்டியில் பூட்டி வைத்து விட்டு, குழந்தையிடம், “எனக்குச் சொல்லிக் கொடேன், கேட்கிறேன்” என்று உட்காருங்கள். சொல்லிக் கொடுக்கும்போது குழந்தை எங்கே தடுக்குகிறதோ, அங்கேதான் அதற்குத் தெளிவில்லை. அதைக் கண்டுபிடிக்க இதை விட மலிவான ட்யூஷன் கிடையாது.

ஆகவே, இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் காலெடுத்து வைத்திருக்கும் குழந்தைகளின் பெற்றோர்கள் மார்க்குச் சிறிது இறங்குவதை எதிர்பார்க்கலாம். முன்பு விடை மட்டும் இருந்த இடத்தில் கேள்விகள் முளைப்பதை எதிர்பார்க்கலாம். சாப்பாட்டு வேளையில் ‘ஏன்’ என்ற சப்தம் அதிகமாவதையும், சில இரவுகளில் ரப்பர் தேய்ந்து காகிதம் கிழிவதையும் எதிர்பார்க்கலாம். இவற்றில் எதுவும் வியாதியின் அறிகுறியல்ல, வளர்ச்சியின் அறிகுறி. ‘எனக்கு வராது’ என்ற தீர்ப்பு மட்டும் அந்த வீட்டில் எழுதப்படாமல் காவல் காக்க வேண்டும். ‘இன்னும் வரவில்லை’ என்று எழுதினால் ஆட்சேபமில்லை. அதுதான் உண்மையும் கூட.

எக்ஸ் வீடு தேடி வந்திருக்கிறார். பாய் விரித்து உட்கார வைப்போம். அவருடைய மதிப்பு இன்னதென்று தெரிய வருவதற்குச் சிறிது நேரம் ஆகும்.